எட்டுக்குள்

அண்ணனின் மூச்சு நின்றதும் அவள் தன் தொடையில் தாளம் தட்டினாள். தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு முடிந்து அடுத்த தட்டு விழுவதற்குள் மூச்சு வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

இருபத்தாறு வருடமாக அண்ணன் கண்ணை மூடிப் பாடியதெல்லாம் இந்தக் கையை நம்பித்தான். மேடையில் கணக்கு தவறினால் ஓரக்கண் திறந்து இதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். அவன் பாடுவான், அவள் தாளம் போட்டு ஜதி சொல்வாள், இந்துஸ்தானி பாணியில் தபலா வாசிக்க ஒருவன். மூன்றே பேர்தான் குழு. அண்ணனும் தங்கையும் எட்டாக எண்ணுவதைத் தபலாக்காரன் பதினாறாக எண்ணுவான். அதனால் அவனுக்குப் பெயரே பதினாறு. யார் எப்படி எண்ணினாலும் சமத்தில், அந்த முதல் தட்டில், மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள்.

காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "மூச்சுக்கு நடுவுல இடைவெளி கூடிட்டே போனா நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். பக்கத்துல இருக்க வேண்டியவங்கள கூப்பிட்டுக்குங்க."

மூன்று நாளாகக் கண் அசராத அண்ணியைத் தங்கைதான் அடுத்த அறைக்குத் தள்ளிப் படுக்கவைத்தாள். "எட்டு தாண்டினா எழுப்பிடு. நான் பக்கத்துல இல்லாம அவர் போயிடக் கூடாது" என்று அண்ணி அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

எட்டு தாண்டவில்லை. மதியம் முழுக்கத் தாண்டவில்லை.

கதவோரம் நாற்காலியில் இருந்த பதினாறு தொண்டையைச் செருமினான்.

"அக்கா."

"எட்டுக்குள்ளதான் வருது."

"வருது. ஆனா தாளத்தோட காலம் எறங்குதுக்கா. நீங்க இழுக்குறீங்க."

அவள் தன் கையைப் பார்த்தாள். ஒரு தட்டுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஓடுகிறாய், இழுக்கிறாய் என்று எத்தனை வாத்தியக்காரர்களை ஒரு வழி பண்ணியவள்! மூச்சு வரட்டும், வரட்டும் என்று எண்ணிக்கையையே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நேரமா."

"ஏன்டா சொல்லல?"

பதினாறு தரையைப் பார்த்தான். "எனக்கும் பயம்தான்."

"அண்ணீ!" அவள் கூப்பிட்டாள். அண்ணி அவிழ்ந்த முடியோடு ஓடி வந்து கணவனின் கன்னத்தில் கை வைத்தாள்.

"இதோ வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

ஒரு மூச்சு வந்தது. மெல்ல வெளியே போனது.

அவள் தட்டினாள். எட்டு முடிந்தது, மூச்சு வரவில்லை. கையை நிறுத்தப் பயமாக இருந்தது. இன்னொரு எட்டு தொடங்கினாள். அண்ணி கையை எடுக்கவில்லை.

பதினாறு நாற்காலியை இழுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் இழுத்த இழுப்புக்கே, இம்மிகூட வேகம் கூட்டாமல், தன் முழங்காலில் எண்ணத் தொடங்கினான்.

சமத்தில் இரண்டு கைகளும் ஒன்றாக விழுந்தன.