பூஜ்யம் என்றால் எத்தனை விநாடி

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை என்பதால் 'சோதனை' என்றே வைத்துவிட்டார்கள். அவள் கையில் காகிதத்தோடு எழுந்தால் போதும், "வந்துடுச்சுப்பா சோதனை" என்று நாலு பேர் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். மூன்று வருடமாக ஆறாறு மாத ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆறாவது ஒப்பந்தமும் முடிகிறது.

"இந்த டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடும்மா, உன்ன நிரந்தரமாக்கிடறேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கணவருக்கு நாலு மாதமாக வேலை இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது.

அவர்கள் செய்த மென்பொருள் ஆஸ்பத்திரிகளுக்கானது. கட்டிலில் படுத்திருப்பவர் பொத்தானை அமுக்கினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். உள்ளே ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு 'ஆக்டர்' உண்டு. ஆக்டர் என்றதும் முகத்தில் பவுடர் பூசிய ஆளை நினைத்துவிட வேண்டாம். இது மென்பொருளில் ஒரு துண்டு, குமாஸ்தா மாதிரி. வருகிற செய்திகளை வரிசையில் வாங்கிவைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததை ஏறிட்டும் பார்க்காது. எந்த மணிக்கு என்ன செய்யவேண்டும் என்பதை ஆஸ்பத்திரிக்காரர்களே சின்னச் சின்னக் கட்டளைத் தொகுப்பாக, அதாவது ஸ்கிரிப்டாக, எழுதிக்கொடுக்கலாம். அப்படி ஒரு ஸ்கிரிப்ட் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? அதற்குத்தான் டைம்அவுட் என்கிற காலவரம்பு. ஐந்து விநாடி என்று வைத்தால், ஐந்தாவது விநாடியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

ஐந்து என்று வைத்திருந்தால் வம்பே இல்லை. போன மாதக் கூட்டத்தில் மேனேஜருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "நிக்காம ஓடற ஸ்கிரிப்ட்ட நம்ம கம்பெனி ஒரு நொடிகூடப் பொறுத்துக்காது. ஜீரோ டாலரன்ஸ். பூஜ்யம் போடுங்க" என்றார். எதற்கெடுத்தாலும் "ஆகட்டும் சார்" என்று சொல்லிச் சொல்லி 'ஆகட்டும்' என்றே பெயர் வாங்கிவிட்ட புரோகிராமர், அங்கேயே பூஜ்யத்தைப் போட்டார். அந்த மென்பொருளில் பூஜ்யம் என்றால் வரம்பே கிடையாது என்று அர்த்தம். ஸ்கிரிப்ட் உலகம் அழியும்வரை ஓடலாம். இது ஆகட்டுமுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, யாராவது கேட்டால்தானே சொல்லுவார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் முடிவே இல்லாத ஒரு ஸ்கிரிப்டை எழுதி ஓடவிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தாள், ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய் ஓடியது, புதன் ஓடியது. வியாழக்கிழமை மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், டைம்அவுட் வேலை செய்யல."

"ஃபெயில் ஆயிடுச்சா?"

"முடியவே இல்ல சார். நாலு நாளா ஓடுது."

"முடியாதது எப்படிம்மா ஃபெயிலாகும்? முடிஞ்சாதானே பாஸா ஃபெயிலான்னு தெரியும். இப்போதைக்குத் தோல்வி எத்தனை?"

"எண்ணிக்கையில பாத்தா... பூஜ்யம்."

"அவ்வளவுதான். தோல்வி பூஜ்யம்னு டைப் பண்ணு."

"சார், அந்த பூஜ்யத்த அஞ்சா மாத்தினா ஒரு நிமிஷ வேலை."

"மாத்தினா நான் கூட்டத்துல சொன்னது தப்புன்னு ஆயிடாது?" மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெறும் நம்பரும்மா. இதுக்குப் போய் நிரந்தரத்த விடுவியா?"

மத்தியானம் கணவர் போன் செய்தார். "போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. மனசு வரல."

"எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுத்தான் போடறாங்க. முதல்ல நிரந்தரமாகு. மனசாட்சிகிட்ட அப்புறம் சாவகாசமா பேசிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. நாலு மாதமாக வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மனிதர், பயந்துபோயிருந்தார். அவளும்தான் பயந்துபோயிருந்தாள். சரி, நாளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தொலைக்கலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, மென்பொருளை வாங்கப்போகும் ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வந்தார். நாற்காலியைக் காட்டினால் "பரவாயில்ல" என்று நின்றுகொண்டே பேசுகிற ரகம். மேனேஜர் முக்கால் மணி நேரம் முழங்கினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டு வந்திருக்கேன். ஓட்டிக் காட்டுங்க."

ஒருவர் மணி அடித்தால், யாராவது போய்ப் பார்த்துவிட்டு பச்சைப் பொத்தானை அமுக்கும்வரை திரும்பத் திரும்ப மணியடித்துக்கொண்டே இரு என்று எழுதியிருந்தார். அத்தனையும் அக்கறை. வினையும் அதில்தான் இருந்தது.

ஆகட்டும் அதை ஏற்றினார். மேசைமேல் மாதிரிக்கு வைத்திருந்த பொத்தான்களில் பன்னிரண்டாம் கட்டிலுக்கானதை நர்ஸ் அமுக்கினார். மணி அடித்தது, மறுபடி அடித்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பச்சையை அமுக்கினார். மணி நிற்கவில்லை. அதே வார்டின் ஏழாம் கட்டில் பொத்தானை அமுக்கினார். பன்னிரண்டின் மணிதான் அடித்துக்கொண்டிருந்தது.

"பச்சைய அமுக்கியும் ஏன் நிக்கல? ஏழு ஏன் வரல?"

"ரெண்டு செய்தியும் வந்தாச்சு மேடம். வரிசையில நிக்குது" என்றார் மேனேஜர். "ஒண்ணுகூடத் தொலையாது. எத்தனை நாளானாலும் செய்தி பத்திரமா இருக்கும். நம்ம மென்பொருளோட சிறப்பே அதுதான்."

நர்ஸ் ஏழாம் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "செய்தி பத்திரமா இருக்கும். ஆள்?"

மேனேஜர் ஆகட்டுமைப் பார்த்தார். ஆகட்டும் கீபோர்டைப் பார்த்தார். பன்னிரண்டின் மணி மட்டும் ஓயாமல் அடித்தது.

"இத யாரு சோதிச்சுப் பாத்தது?"

"இவங்கதான் மேடம், ரொம்பக் கெட்டி. தோல்வி பூஜ்யம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி." மேனேஜர் ரிப்போர்ட்டையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாலேயே 'நிரந்தரம்' என்றார்.

அவள் பேனாவை எடுத்தாள். பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். கீழே, 'திங்கள் காலை பத்து மணிக்கு ஓடவிட்டது, இன்னும் நிற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் இரண்டு தடவை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலரைக்கு மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். "உன்மேல எனக்குக் கோபமே இல்லம்மா. ஒப்பந்தம்னா டைம் ஆனதும் நிக்கணும். அதுல நம்ம கம்பெனி ரொம்பக் கறார்." கறாராகத்தான் இருந்தது. ஐந்து அடித்ததும் அவளுடைய கம்ப்யூட்டர் திரை அணைந்தது, அடையாள அட்டையைக் காட்டியும் கதவு திறக்கவில்லை. அந்தக் கட்டடத்திலேயே குறித்த நேரத்தில் நின்றது அவள் வேலை ஒன்றுதான். காவலாளி வந்து கதவைத் திறந்து வெளியே விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் போன் வந்தது.

"போட்டுட்டியா?" என்றார் கணவர்.

"போட்டுட்டேன். ஃபெயில்னு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. "அப்ப வேலை?"

"போச்சு."

"அழறியா?"

"ஆமா."

"இப்படி அழறவ எதுக்கு அப்படி எழுதின?"

"பூஜ்யத்துல கையெழுத்துப் போடத்தான் போனேன். ஆள் என்ன ஆவாங்கன்னு அந்த நர்ஸ் அம்மா கேட்டுட்டாங்க. பதில் எனக்குத் தெரியும்ங்க."