ஒரு நாற்காலிக்கு இரண்டு ஆணைகள்

வித்யாலக்ஷ்மி கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்க வந்த காலையில், அவளுக்கான நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

திருநெல்வேலிக்கு வெளியே, ஒரு வாய்க்கால் கரையில் இருக்கிறது அந்தக் கூர்நோக்கு இல்லம். ஏதாவது ஒரு வழக்கில் சிக்கிய பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்களை, விசாரணை முடியும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். ஒரே வருஷத்தில் அங்கே தலைமை பலமுறை மாறிவிட்டது. ஒருவர் ஓய்வு பெற்றார், அடுத்தவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், அதற்கடுத்தவர் வந்த சூட்டிலேயே நீண்ட விடுப்பில் போய்விட்டார். நன்னடத்தை அலுவலராக ஊர் ஊராக அலைந்து தேய்ந்த வித்யா, இந்தப் பதவி உயர்வுக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தாள்.

"நான்தான் புதுக் கண்காணிப்பாளர்" என்றாள்.

"நானும் அதேதான்" என்றார் அவர். கடையநல்லூர்க்காரர், பெயர் தாஜ் முகம்மது. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. தன் ஆணையை எடுத்து மேசையில் வைத்தார். வித்யாவும் வைத்தாள். இரண்டிலும் அதே இல்லம், அதே பதவி.

சென்னைக்குப் போன் போட்டதில் விஷயம் விளங்கியது. பழைய இயக்குநர் போகிற அன்றைக்கு ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது தெரியாமல் புது இயக்குநர் வந்ததும் இன்னொன்றில் போட்டுவிட்டார். "முடிவாகிற வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

சமையல்காரர் சுவிசேஷமுத்து சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். தாஜ் முகம்மது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வித்யா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அதே மேசையில் தன் வேலையைத் தொடங்கினாள்.

முதல் வாரம் அமர்க்களமாகத்தான் போனது. ஒவ்வொரு தாளும் இரண்டு கையெழுத்துக்காக மேசையைச் சுற்றி வந்தது. பையன்கள் அதற்குள் தெளிந்துவிட்டார்கள். சார் மறுத்ததை மேடத்திடம் கேட்பார்கள், மேடம் மறுத்ததை சாரிடம்.

பெர்லின் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உவரிக்காரப் பையன், பதினாறு வயது. யாருடைய பைக்கையோ கேட்காமல் எடுத்து ஓட்டிப்போய் மாட்டிக்கொண்டவன். அவனை அம்மாவிடம் ஒப்படைத்து அனுப்பலாம் என்று இளைஞர் நீதிக் குழுமம் எப்போதோ உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் அம்மா வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அவன் தினமும் விளையாட்டு நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"கடுதாசி போட்டாச்சு மேடம். பதில் வரட்டும்" என்றார் தாஜ் முகம்மது.

"நேர்ல போய்க் கூட்டிட்டு வந்துட்டா என்ன சார்?"

"கண்காணிப்பாளர் இல்லத்தப் போட்டுட்டு அப்படிப் போக முடியுமா? இங்கன ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"சரிதான். ஆனா இப்போ ரெண்டு கண்காணிப்பாளர் இருக்கோமே."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஜீப்ப எடுத்துக்கிடுங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

உவரிக் கடற்கரையில், மீன் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள் பெர்லினின் அம்மா ரீபா. ஜீப்பைப் பார்த்ததும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எம் பிள்ளைக்கு என்னமும் ஆயிட்டா?"

"நல்லா இருக்கான்மா. அவன வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எப்பவோ உத்தரவாயிட்டு. நீங்கதான் வரலை."

"நானா வரல?" ரீபாவுக்குக் கோபம் வந்தது. "மொத தடவ வந்தேன். பழைய ஆபீசர் போயிட்டாவ, புது ஆபீசர் வந்த பொறவு வாங்கன்னு கேட்டுலயே சொல்லிட்டாவ. பொறவும் வந்தேன், அதே பேச்சுதான். கடைசியா வந்தா, வந்த ஆபீசரும் லீவுல போயிட்டாவளாம். போனு கடலோட போயிட்டு. கடுதாசியும் ஒண்ணும் வரல. புது ஆபீசர் வந்தா தாக்கல் சொல்லி விடுவாவன்னு இருக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வந்துட்டாவளா?"

"வந்துட்டோம்" என்றாள் வித்யா. "ரெண்டு பேரு."

ஜீப் இல்லத்துக்குள் நுழைந்தபோது பெர்லின் வழக்கமான இடத்தில்தான் இருந்தான். அம்மா இறங்குவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கண்ணால் பார்த்ததை அவன் உடம்பு நம்பாததுபோல் இருந்தது. ரீபா நேரே போய் அவன் தோளில் ஒரு அடி போட்டாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மற்ற பையன்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

ரீபா கையெழுத்துப் போட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, அவள் சொன்னதை வித்யா அலுவலக அறையில் தாஜ் முகம்மதுவிடம் சொன்னாள். "நான் கடுதாசி எழுதுனதோட வேலை முடிஞ்சிட்டுன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவரே ஜீப் சாவியைக் கேட்டு வந்தார். "கொற்கையில ஒரு பையன் வீட்டுலயிருந்து ஒருத்தரும் வந்து பாக்கல. போயிட்டு வாரேன்." சாயங்காலம் திரும்பியபோது சட்டையெல்லாம் கசங்கி, வெயிலில் முகம் கறுத்து, ஆனால் பத்து வயசு குறைந்தவர்போல இருந்தார். பையனின் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் இருவரும் வாழை விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு தாஜ் முகம்மதுவை அலுவலகத்துக்குள் பிடித்து வைக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் கூடத்தில் உட்கார இடமில்லை. சுவிசேஷமுத்து மறுபடியும் உலை வைத்தார், முணுமுணுத்துக்கொண்டே.

அடுத்த வாரம் புது இயக்குநர் பத்மப்ரியாவே போனில் பேசினார். "பொறுப்பு உங்களுக்குத்தான் வித்யாலக்ஷ்மி. தாஜ் முகம்மதை வேலூருக்கு மாத்தறோம்."

வித்யாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனே ஜன்னல் வழியே கண் போனது. வெளியே தாஜ் முகம்மது ஒரு பையனின் சித்தப்பாவுக்கு எந்த பஸ் ஏற வேண்டும் என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், இங்க நன்னடத்தை அலுவலர் இடம் காலியா கிடக்கு. அவரை அதுல போட முடியுமா?"

"அது அவர் பதவிக்குக் கீழ ஆச்சே."

"அவர்ட்டயே கேட்டுருங்க."

வித்யா ஜன்னல் வழியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும், தாஜ் முகம்மது வந்து போனை வாங்கினார். "மேடம், ரேங்கு அப்படியே இருக்கட்டும், வீடு வீடாப் போற வேலைய மட்டும் குடுங்க. வேலூர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இங்கன இன்னும் நெறைய வீட்டுக்குப் போக வேண்டியிருக்கு."

மறுமுனையில் பத்மப்ரியா சிரித்தது வித்யாவுக்கும் கேட்டது. "நான் இந்த நாற்காலியில எத்தனை நாள் இருப்பேனோ. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடறேன்."

சொன்னபடி போட்டுவிட்டார். நாற்காலியை வித்யாவிடம் ஒப்படைக்கும்போது தாஜ் முகம்மது அதன் கை ஒன்று ஆடுகிறது என்று எச்சரித்துவிட்டுப் போனார். வித்யா முதல் வேலையாகக் கேட்டுக்குப் போய்க் காவலரைக் கூப்பிட்டாள்.

"எந்த ஆபீசர் வந்தாலும் போனாலும், பிள்ளையப் பாக்க வந்தவங்களத் திருப்பி அனுப்பக் கூடாது. உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க. நான் இல்லாட்டியும் இதான்."

"சரி மேடம்" என்றார் காவலர்.

சில நாள் கழித்து மத்தியானம் உவரியிலிருந்து தாஜ் முகம்மது கூப்பிட்டார். "பெர்லின் ஐடிஐல சேரச் சம்மதிச்சிட்டான். மெக்கானிக்காம். பைக்கு மேல உள்ள கிறுக்கு அப்படியேதான் இருக்கு. சாப்பிடாமப் போகக் கூடாதுன்னு ரீபா சொல்லுதாவ. வர நேரமாவும்."

"பைய வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, வித்யா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். வாலிபால் அணிக்கு ஒரு ஆள் குறைகிறது என்று பையன்கள் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.