தொப்பை தட்டும் பூதம்

பூதத்தின் தலையை உள்ளே இருப்பவர் தானாகக் கழற்ற முடியாது. பின்கழுத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். வெளியிலிருந்து நான்தான் ஸ்பானர் வைத்துத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவர் இராஜமாணிக்கம் அண்ணன். மூச்சு முட்டினால் இரண்டு கையாலும் தொப்பையைத் தட்டுவார். நான் ஓடுவேன்.

இந்தச் சைகையை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டெல்லி ஓக்லா காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில் வந்த பழக்கம். முதுகில் மூட்டை ஏறிவிட்டால் கழுத்து மடங்கிவிடும், கத்தினாலும் குரல் வராது. சுமை தாங்கவில்லை என்றால் வயிற்றில் தட்டுவோம். லாரி மேலே நிற்கிறவன் உடனே மூட்டையைப் பிடித்துக்கொள்வான். அதையே இங்கேயும் வைத்துக்கொண்டோம்.

‘ஏழாம் கோட்டை’ என்று ஒரு பெரிய தொடர் வந்தது. ராஜா, சூனியக்காரி, பறக்கும் யானை எல்லாம் உண்டு. அதில் கோட்டை வாசலில் ஒரு குண்டுப் பூதம் காவல் நிற்கும். குழந்தைகளுக்கு அது பிடித்துப்போகவே, பூதத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து ‘பூதத்துக்கு லீவு’ என்று ஒரு சிரிப்புத் தொடர் ஆரம்பித்தார்கள். லீவு கிடைத்த பூதம் டெல்லியில் ஒரு காலனியில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறது, அதுதான் கதை. இந்தியில் எடுத்து, தமிழிலும் மற்ற பாஷைகளிலும் குரல் மாற்றிப் போனில் பார்க்கும்படி விடுகிறார்கள். எடுத்தது ஓக்லாவில், பழைய அட்டைப்பெட்டி ஷெட் ஒன்றில். மேலே தகரக் கூரை. பூதத்தின் உடம்பு இரும்புக் கம்பிக் கூடு, அதன்மேல் ஸ்பஞ்சு, அதன்மேல் ரப்பர். தலைக்குள் ஒரு சின்ன ஃபேன் உண்டு. ஷாட் ஓடும்போது அதன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று நிறுத்திவிடுவார்கள். அந்தக் கனத்தைச் சுமக்க நடிகர் யாரும் வரவில்லை. அதனால்தான் மண்டிக்கு ஆள் தேடி வந்தார்கள்.

உள்ளே யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது கம்பெனி கண்டிஷன். பூதம் நிஜம் என்று குழந்தைகள் நம்ப வேண்டுமாம். பெயரும் போட மாட்டார்கள்.

முதல் வாரம் தொடர் வெளியானதும் விமர்சனங்களைப் போனில் பார்த்துவிட்டு ஜெயந்த் சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். இணை இயக்குநர். டெல்லி கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

“என்ன சார் எழுதியிருக்கான்?” என்று கேட்டேன்.

“பூரா பக்வாஸ், குப்பைன்னு எழுதியிருக்கான். பெரிய சீரியல்ல மிஞ்சினதை ஹீட் பண்ணிப் போட்டிருக்கோமாம். இன்னொருத்தன் தூக்கம் வந்துச்சுங்கறான். இங்கிலீஷ், ஹிந்தி, ஒருத்தன்கூட நல்லா சொல்லலை.”

“அப்ப நிறுத்திடுவாங்களா?”

“இன்னும் கொஞ்சம் பார்ப்பாங்க. அச்சா, தமிழ்ல ஒண்ணு வந்திருக்கு. நீ படிப்பியே, பாரு.”

நாற்பது வயதுக்கு மேல்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். அதனால் மெதுவாகத்தான் படித்தேன். எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது. பார்த்தால், முனிர்காவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடியில் இருக்கும் சுபாஷிணி. தென்காசிப் பெண், நொய்டாவில் ஏதோ வெப்சைட்டில் வேலை என்று தெரியும். தண்ணீர் வந்துவிட்டதா என்று காலையில் மாடியிலிருந்து எட்டிக் கேட்கும். அண்ணனும் நானும் தரைத்தளத்தில் ஒரே அறை.

அந்தப் பெண்ணும் தொடரைத் திட்டித்தான் எழுதியிருந்தது. கதை இல்லை, சிரிப்பு இல்லை என்று. கடைசியில் மட்டும் இப்படி இருந்தது: “ஆனால் ஒரு பூதம் இருக்கிறது. வீட்டுக்காரம்மா விரட்டும்போது பதில் சொல்லத் தெரியாமல் அது தன் தொப்பையை இரண்டு கையாலும் தட்டுகிறது. பசியைச் சொல்லத் தெரியாத குழந்தைபோல. உள்ளே இருக்கும் பெயர் தெரியாத அந்த நடிகரை எழுந்து நின்று கும்பிடலாம்.”

அன்றைக்கு அண்ணன் மூச்சுக்குத் தட்டியதுதான் அது. நான் ஓடி வந்ததை வெட்டிவிட்டு, தட்டியதை மட்டும் வைத்திருந்தார்கள்.

ஜெயந்த் சார் என் தோளில் அடித்தார். “வாஹ்! இதுதான் பாயிண்ட். இனி எல்லா எபிசோட்லயும் தட்டணும்.”

அந்தத் தட்டல் போனுக்குப் போன் பரவிவிட்டது. மலை மந்திர் முருகன் கோவில் படியில் பிள்ளைகள் தொப்பையைத் தட்டிக்கொண்டு ஓடுவதை நானே பார்த்தேன். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு காட்சிக்கும் தட்டல் எழுதி வந்தது. அண்ணன் தட்டினால் அது நடிப்பா, மூச்சா என்று எனக்குத் தெரியாமல் போனது.

அறையில் அண்ணன் ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் படுத்திருப்பார். சோறு இறங்காது. ஆனாலும் விமர்சனத்தைப் படிக்கச் சொல்வார்.

“அண்ணா, மாடிப் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். மூச்சுக்குத் தட்டினதுன்னு தெரிஞ்சா அதுவே எழுதும். கம்பெனிக்காரனும் பயப்படுவான்.”

“வாயை மூடுடா வெங்கட்டு. சொன்னா பாவம் பாத்து எழுதும். என்னைப் பாத்துப் பாவப்பட ஊருல எத்தினியோ பேரு இருக்கான். கும்பிடலாம்னு சொன்னது இது ஒண்ணுதான்.”

“மூச்சு நின்னா யாரு கும்பிடுவா?”

“அப்பவும் நீதான் கும்பிடுவ, பொணத்தை. போய்ப் படு.”

வேறு சைகை வைத்துக்கொண்டோம். தாங்காவிட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவது. அந்தக் கூட்டோடு உட்கார்ந்தால் தானாக எழுந்திருக்க முடியாது, அதனால் விளையாட்டுக்கு யாரும் உட்கார மாட்டார்கள் என்று நினைத்தோம். ஒரு நாள் நடுக்காட்சியில் உட்கார்ந்தார். நான் ஓடித் திறந்தேன். உட்கார்ந்தது வரைக்கும் தொடரில் வந்துவிட்டது. சுபாஷிணி அதையும் விடவில்லை. “நடுத்தெருவில் பூதம் உட்கார்ந்துவிடுகிறது. ஆபீஸ் விட்டு பஸ் கிடைக்காமல் நிற்கிற எல்லோரும் உட்கார நினைத்ததைப் பூதம் செய்துவிட்டது” என்று எழுதியது. அடுத்த வாரமே ஸ்கிரிப்டில் பூதம் உட்கார ஆரம்பித்தது.

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியாடா? நான் எது செஞ்சாலும் அந்தப் பொண்ணுக்குப் புடிக்குது.”

முனிர்கா கிளினிக்கில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இருதயம் பலவீனமாகிவிட்டது, மூடிய இடத்தில் வெக்கையில் வேலை செய்யவே கூடாது என்றார். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: “அவரு சீரியலெல்லாம் பாக்குற ஆளாத் தெரியல.”

ஜூன் மாதம் கல் காட்சி வந்தது. சூனியக்காரி சாபம் போட்டு, காலனிப் பார்க்கில் பூதம் கல்லாகிவிடுகிறது. காலனிக்காரர்கள் அதன் கையில் துணி காயப்போடுகிறார்கள். தலையில் புறா உட்காருகிறது. சிரிப்புக்காகத்தான் எழுதியிருந்தார்கள்.

“சார், இவர் அசையாம நின்னா உள்ள எப்படி இருக்கார்னு எனக்குத் தெரியாது” என்றேன்.

“கல்லு அசையுமா? நடுவுல தட்டினா ஷாட் போச்சு. ஒரே ஷாட்தான் பையா, ஜல்தி முடிச்சிடலாம்.”

“நடுவுல ஒருவாட்டி திறந்துட்டு…”

அண்ணன் குறுக்கே வந்தார். “நான் பாத்துக்கறேன் சார், அவன் கெடக்கான். தலையை மாட்டுடா.”

மாட்டினேன். முடுக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. “மாடிப் பொண்ணு இதைப் பாக்கும் இல்ல?”

ஃபேனை நிறுத்தினார்கள். கேமரா பூதத்தைச் சுற்றி மெதுவாகப் போனது. ஒரு பெண் சேலையைக் கொண்டுவந்து காயப்போட்டாள். ஷெட்டுக்குள் அத்தனை பேர் இருந்தும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பூதம் உண்மையிலேயே கல்லாகத்தான் நின்றது. மற்ற நாளில் மார்பு ரப்பர் லேசாக ஏறி இறங்கும். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. இறங்கியது. பிறகு ஏறவில்லை. அண்ணன் அடக்குகிறார் என்று நினைத்தேன். அப்படியும் ஏறவில்லை.

நடந்து உள்ளே போனேன்.

“அரே, ஃப்ரேம்ல யாரு! கட்! பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமா உனக்கு?” என்று ஜெயந்த் சார் கத்தினார். நான் போல்ட்டைக் கழற்றினேன். ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. தலையைத் தூக்கியபோது அண்ணன் கண் பாதி திறந்திருந்தது, உதடு நீலம். விழவே இல்லை அவர். கம்பிக் கூடு அவரை நிறுத்திவைத்திருந்தது.

கம்பெனி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார். இன்னொரு முறை இப்படி வந்தால் திரும்ப மாட்டார் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். அறைக்குக் கொண்டுவந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆனால் பேச்செல்லாம் எப்போது திரும்பிப் போகலாம் என்பதுதான். ஜெயந்த் சாரும் போனில் அதையேதான் கேட்டார். “மாணிக்கம்ஜி எப்ப வருவார்? வேற ரெண்டு பேரைப் போட்டுப் பார்த்தோம். அந்த நடை வரலை.”

நான் ஃப்ரேமுக்குள் நுழைந்ததை வெட்டிவிட்டு, கல் காட்சியை வெளியிட்டுவிட்டார்கள். மறுநாள் காலை விமர்சனம் போனில் வந்தது. குழாயடியில் நின்று முதலில் நானே படித்தேன்.

“ஒரு கல்லுக்குள்ளிருந்து ஓர் உயிர் வெளியே வரத் தவிப்பதைப் பார்த்தேன். அசையாமல், பேசாமல், முகமே இல்லாமல். இந்த வருஷம் நான் பார்த்த நடிப்பில் இதைவிடப் பெரியது வேறில்லை. இவருக்காகவே இந்தத் தொடர் இன்னும் நூறு வாரம் ஓட வேண்டும்.”

அறைக்குள் போனேன். அண்ணன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வந்திருக்கா? படி.”

போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். எப்போதும்போல எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். “இந்த வாரம்… பூதம்… ஏமாற்றிவிட்டது. மரக்கட்டை மாதிரி… நின்றது. பழைய பூதம் இல்லை. இதோடு… நிறுத்திக்கொள்வது நல்லது.”

அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“அப்பிடியா எழுதியிருக்கு?”

“ஆமாண்ணா.”

“அந்தப் பொண்ணு அப்பிடி எழுதாதுடா. நீ தப்பாப் படிக்கிற. போய் அதைக் கூப்பிடு.”

“கம்பெனிக்காரன் சொல்லக்கூடாதுன்னு…”

“நான்தான்னு சொல்ல மாட்டேன். சும்மா கேக்கறேன். கூப்பிடுடா.”

மாடிக்குப் போனேன். சுபாஷிணி ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. படியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தட்டியது, உட்கார்ந்தது, நின்றது எல்லாம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அது கேட்டது.

“கீழ இருக்க அங்கிளா?” என்றது. பிறகு, “நான் எழுதினது… என்ன அங்கிள் சொல்லுதீங்க… நான்தானா?”

“அதை அப்புறம் பேசலாம்மா. நீங்க நல்லாருக்குன்னு சொன்னா நாளைக்கே அதுக்குள்ள போய் நிப்பார்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் இறங்கி வந்தது. அறை வாசலிலேயே நின்றுவிட்டது.

“வாம்மா. ஒண்ணுமில்ல, சும்மாத்தான்” என்றார் அண்ணன். தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டார். “அந்தப் பூத சீரியல் பாக்குறியேம்மா. இந்த வாரம் கல்லா நின்னுச்சே. அது எப்பிடி இருந்துச்சு?”

“நல்லா இல்ல அங்கிள்.”

“தொப்பை தட்டுனதெல்லாம் புடிச்சிதே?”

“அப்பப் பிடிச்சது. இப்ப அலுத்துப்போச்சு.”

“இல்லம்மா, கல்லா நின்னதுல என்னா கொறை? அதைச் சொல்லு.”

சுபாஷிணி என்னைப் பார்த்தது. பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தது.

“கல்லு மாதிரி இல்ல அங்கிள். உள்ள ஆள் இருக்கது தெரிஞ்சிட்டு.”

அண்ணன் தலையை ஆட்டினார். கணக்கு ஒத்துவந்ததுபோல மெதுவாக இரண்டு மூன்று முறை ஆட்டினார்.

“ஆமா. மூச்சு விட்டிருப்பேன். இன்னும் கொஞ்சம் அடக்கியிருக்கணும்.”

உள்ளே இருந்தது தான்தான் என்று சொல்லிவிட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அந்தப் பெண் சட்டென்று திரும்பிப் படியேறிப் போனது. பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றுவிட்டது.

“வயசாயிடுச்சிடா” என்றார். “இனிமே நமக்கு வராது. ஜெயந்துக்குப் போனைப் போடு. வேற ஆளு பாத்துக்கச் சொல்லு.”

போட்டேன். எடுத்ததும் ஜெயந்த் சார் நான் பேசவே விடவில்லை. யாரோ அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். “பையா, தமிழ் ரிவ்யூ பார்த்தியா? நூறு வாரம்னு போட்டிருக்காங்க! மாணிக்கம்ஜிகிட்ட ஃபோனைக் குடு, நானே சொல்றேன்!” என்று கூவினார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“என்னாடா சொல்றாரு?” என்றார் அண்ணன்.

“சரின்னுட்டாருண்ணா” என்று சொல்லிவிட்டு, கூவிக்கொண்டிருந்த போனோடு சந்துக்கு வந்துவிட்டேன்.