முகம் பார்க்காத ஜன்னல்

விடிகாலைப் பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போட்டுப்போன சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாவு படிந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நேராகப் பின்பக்க ஜன்னலுக்குப் போனார். ராத்திரி முழுக்க நான் அழுதது அவர் காதில் ஏறவே இல்லை. ஊருக்கெல்லாம் தங்கமான மனுஷன். எனக்கு மட்டும் கருங்கல்.

எங்களுடையது ரொட்டிக்கடை. வியாபாரமெல்லாம் முன்பக்கம். பின்பக்கச் சந்துப் பக்கமாக, நெஞ்சளவு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதில் சாக்குத் திரை. இல்லாதவர்கள் திரைக்கு அடியில் கையை நீட்டுவார்கள், இவர் சூடான ரொட்டியை வைப்பார். யாரென்று பார்க்க மாட்டார், கேட்கவும் மாட்டார். வாங்குகிறவர்களுக்குக் கூசக்கூடாதாம். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துத்தான் நான் இவரிடம் மயங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துப்பாக்கிக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்: தங்களை எதிர்த்துவிட்டு ஓடிப்போனவர்களின் குடும்பங்களுக்கு யாரும் ஒரு வாய் கொடுக்கக்கூடாது. மீறிய பால்காரரை அவருடைய சைக்கிளோடு பாலத்தடியில் கண்டெடுத்தோம். மாதா கோயில் சாமியாரே இவரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் நிறுத்தி வையப்பா என்றார். “பசி கொஞ்ச நாள் நிக்குமா சாமி?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

முந்தின நாள் அந்தத் துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் கடைக்கு வந்தான். சின்ன வயசு, சிரித்த முகம். ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றபடி, “அண்ணே, பின்னால திரையெல்லாம் நல்லாயிருக்கு. அந்தப் பக்கம் யார் நிக்கிறான்னு உங்களுக்கே தெரியாதுல்ல?” என்றான்.

“தெரியாது தம்பி. பசிச்சா நீயும் வா” என்றார் இவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாரா?

காலையிலும் கெஞ்சிப் பார்த்தேன். “அந்தத் திரையையாவது எடுத்துடுங்க. ஆளைப் பாத்துக் குடுங்க.”

“பாத்தா அவங்க வர மாட்டாங்கடி.”

“எனக்கு நீங்க வேணும். அது புரியுதா உங்களுக்கு?”

மாவுக் கையால் என் கன்னத்தைத் தட்டினார். விரல்கள் சில்லென்றிருந்தன. அவருக்கும் பயம்தான்.

நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். கைகள் வந்தன. சோப்பில் வெடித்த கை, நடுங்கும் கிழட்டுக் கை, எட்டாமல் எக்கி நீட்டிய குழந்தைக் கை. ரொட்டி பட்டதுமே மூடிக்கொண்டு ஓடிவிடும். பசித்த கைக்குப் பொறுமை ஏது?

திடீரென்று சந்தில் செருப்புச் சத்தங்கள் சிதறி ஓடின. பிறகு ஒரு சத்தமும் இல்லை. திரைக்கு அடியில் ஒரு இடது கை வந்தது. சதைப்பிடிப்பான கை, ஒழுங்காக நகம் வெட்டியிருந்தது. எந்த அவசரமும் இல்லாமல் விரிந்து கிடந்தது.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “வேணாங்க. இது அவன்.”

“கை நீட்டியாச்சேடி” என்றார் மெதுவாக. தட்டில் இருந்ததில் பெரிய ரொட்டியாகப் பார்த்து எடுத்தார். மற்றவர்களுக்கு வைப்பது போலவே அந்தக் கையிலும் வைத்தார்.

கை மூடவில்லை. சந்தில் காற்றே இல்லை. சாக்குத் திரை, அவர் நெஞ்சுக்கு நேராக, ஒரு குழல் முனை அளவுக்கு உள்பக்கமாக மெல்லப் புடைத்தது.