எட்டாவது பத்தி

அமெரிக்காவில் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகள் தங்கள் நாட்டு அரசாங்கத்தைப் பற்றிப் படிக்கும் பாடப்புத்தகம் ஒன்று, பெங்களூரில் மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த ஓர் அலுவலகத்தில்தான் திருத்தப்பட்டு அச்சுக்குப் போனது. மித்ரா என்று எல்லாரும் கூப்பிடும் சங்கமித்ராவுக்கு நான்கு வருஷமாக அதுதான் வேலை. அமெரிக்காவை அவள் பார்த்ததில்லை. ஆனால் செனட்டில் எத்தனை பேர், அதிபர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினால் அடுத்து என்ன ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

இந்த முறை புதுப் பதிப்புக்காகப் பதிப்பகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. குடிமை உரிமைகள் அத்தியாயத்தில் பதினொரு பத்திகளை எடுத்துவிட வேண்டும். காரணம் எழுதவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

ஏழு பத்திகளை மளமளவென்று எடுத்தாள். எட்டாவதில் கை நின்றது. கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால், அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படித்து விளக்கச் சொன்ன காலத்தைப் பற்றிய பத்தி அது. விளக்கம் சரியா தப்பா என்பதை மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தரே முடிவு செய்வார். பள்ளிக்கூட வாத்தியார்கள்கூடத் தேறாமல் திரும்பினார்கள்.

பதினைந்து வயதில் அவள் சாதிச் சான்றிதழுக்காக அம்மா சரசுவோடு ஓர் அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்கிறாள். விண்ணப்பத்தில் மதம் பௌத்தம் என்று எழுதியிருந்ததைப் பார்த்த எழுத்தர், "புத்த எல்லி ஹுட்டித்து? ஹேளம்மா" என்று, புத்தர் பிறந்த ஊரை வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். நாலு வீடு பெருக்கித் துடைத்துவிட்டு வந்த அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. மித்ரா, "லும்பினி" என்றாள். "உன்னக் கேக்கல" என்று காகிதத்தைத் தள்ளிவிட்டார். மூன்று தடவை அலைந்த பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது.

எட்டாவது பத்தியை அப்படியே விட்டுவிட்டு மீதி மூன்றையும் எடுத்தாள். பட்டியலில் மட்டும் பதினொன்றுக்கும் டிக் போட்டாள்.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாகச் சரிபார்ப்பவர் டேரில். ஐம்பத்தாறு வயது. வாரத்தில் மூன்று நாள் அவர் மனைவி மரியாவுக்கு டயாலிசிஸ். அந்த நாட்களில் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார். வியாழக்கிழமை அதில் ஒன்று. மித்ரா ஃபைலை வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு அனுப்பினாள்.

"நீ பாத்துட்ட இல்ல?" என்றார், ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபடி.

"பாத்துட்டேன் சார்."

"அப்ப போதும்மா." கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

நான்கு மாதம் கழித்து, அச்சான பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகப் பதிப்பகத்திலிருந்து மெயில் வந்தது. மேனேஜர் ஸ்ரீஹர்ஷா எல்லாரையும் கூட்டி வைத்தார். "பதினோரு பாரால ஒண்ணு அப்படியே இருக்கு. லாஸ்ட் சைன் யாரோடது?"

மித்ரா வாயைத் திறப்பதற்குள் டேரில் எழுந்து, "என்னோடது. நான் பாக்கல" என்றார். அவள் பங்குக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டேரிலை அந்த வெள்ளிக்கிழமையோடு அனுப்பிவிட்டார்கள். கம்பெனி இன்சூரன்ஸும் அன்றோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவில் அவர் வீட்டைத் தேடிப் போனாள். மரியா உள்ளறையில் படுத்திருந்தார். டேரில் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"சார், அது தவறிப்போனதில்ல. நான் வேணும்னேதான் விட்டேன்."

"தெரியும். மெயில் வந்தப்பவே தெரியும். பத்து பாராவ ஒழுங்கா எடுத்துட்டு ஒண்ண மறக்கற ஆளா நீ?"

"பின்ன ஏன் சார் சொல்லல?"

"சொன்னா மட்டும் என் கையெழுத்து அழிஞ்சிடுமா?" குரல் உயரவில்லை. "விடணும்னா உன் பேர்ல விட்டிருக்கணும். நான் எப்ப ஓடுவேன்னு பாத்து அனுப்பினியே, அத என்னால தாங்க முடியல."

நாளைக்கே போய் உண்மையைச் சொல்வதாகச் சொன்னாள்.

"சொல்லு. எனக்காக சொல்லு. இவ டயாலிசிஸுக்கு அடுத்த வாரம் எங்க போறதுன்னு தெரியல."

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஸ்ரீஹர்ஷாவிடம் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேணும்னே பண்ணீங்களா? நாங்க கிளையண்டுக்கு கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பியாச்சு மித்ரா. வேணும்னு பண்ணதுன்னா காண்ட்ராக்டே போகும். நாப்பது பேர் தெருவுல நிப்பாங்க."

"டேரில் சார் மேல தப்பு இல்ல சார். அவரத் திரும்பக் கூப்பிடுங்க."

"பாக்காம சைன் பண்ணதும் தப்புதான்." மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க சொந்தக் காரணம்னு போட்டு ரிசைன் பண்ணிடுங்க. இதப் பத்தி நாம பேசவே இல்ல."

பதினொரு மணிக்குள் பையோடு தெருவில் நின்றாள். வீட்டுக்குப் போகாமல் நேரே நீலசந்திராவுக்குப் பஸ் ஏறினாள். டேரில் கதவைப் பாதி திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"முடியாதுன்னுட்டானா?"

"ஆமா சார். என்னையும் அனுப்பிட்டாங்க."

"ரெண்டு பேருக்கும் போச்சு," என்றார்.

உள்ளேயிருந்து மரியாவின் குரல் வந்தது. "யாரு டேரில்?"

"ஆபீஸ்ல இருந்த பொண்ணு."

"உள்ள கூப்பிடேன்."

அவர் கூப்பிடவில்லை. அவள் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றிருந்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.