அப்படி யாரும் இங்கே இல்லை

விசா இல்லை என்று வந்த கடிதத்தை என் மனைவி மூன்று முறை படித்தாள். நான் ஒரு முறைதான் படித்தேன். அதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது. ‘வருந்துகிறோம்’ என்று ஆரம்பித்து ‘நன்றி’ என்று முடித்திருந்தார்கள். எதற்கு நன்றி? பதினாலு மாதம் நாயாய்ப் பேயாய் அலைந்ததற்கா? போலீஸ் சான்றிதழுக்கு ஆறு தடவை வரிசையில் நின்றதற்கா? இரண்டு காதும் தெரிகிற மாதிரி போட்டோ வேண்டும் என்றார்கள், காதைக் காட்டிக்கொண்டு நின்றேனே, அதற்கா?

மறுத்ததற்குக் காரணம் இரண்டே வரி. விண்ணப்பத்தில் கொடுத்திருந்த அலுவலக எண்ணைப் பதினேழாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். எடுத்தவர், அந்தப் பெயரில் யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நான் காட்டியிருந்த அனுபவம் பொய் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“பதினோரு வருஷமா அங்க வேலை பாக்கறீங்க. இல்லன்னு எவன் சொன்னான்?” என்றாள் மனைவி.

எவன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏன் சொன்னான் என்று படித்த உடனே தெரிந்துவிட்டது. 

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கம்பெனி அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு எடுக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினாலு லிஃப்ட். ஒரு லிஃப்டை ஒழுங்காகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். எப்படி முடியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முடியாது என்பதால் நாங்கள் பார்ப்பதில்லை. படியில் உட்கார்ந்து, சர்வீஸ் தாளில் இருக்கிற இருபத்திரண்டு கட்டத்திலும் சடசடவென்று டிக் அடித்து, அடியில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடிவிடுவோம். அந்தத் தாளை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பார்கள். லிஃப்ட் மக்கர் செய்தால் குடியிருப்பவர்கள் தாளில் இருக்கும் பெயரைப் பார்த்து, அந்த ஆளைக் கூப்பிடு என்று அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள்.

அதற்கு எங்கள் மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மெக்கானிக் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும், போனை எடுப்பவர், ‘அப்படி யாரும் இங்க இல்லங்க, அவர் வேலையை விட்டுப் போயாச்சு’ என்று சொல்லிவிட வேண்டும். ஆளே இல்லாதபோது யாரோடு சண்டை போடுவது? கத்துகிறவர்கள் நாலு நாள் கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். கம்பெனியில் நாங்கள் பதினெட்டுப் பேர் வேலை பார்க்கிறோம். போனில் கேட்டால் ஒருவர்கூட இல்லை.

விண்ணப்பித்ததைப் பற்றி நான் அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மேனேஜர் காதுக்குப் போனால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார் என்று பயம். சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் என்னிடமே இருந்தன, அவை போதும் என்று நினைத்தேன். அலுவலகத் தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் மடையன் மாதிரி நிரப்பினேன்.

அந்த வெளிநாட்டு லிஃப்ட் வேலைக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அங்கே ஒரு நாளைக்கு மூன்றே லிஃப்ட். பார்க்காததற்கு டிக் அடித்தால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நேர்முகத்தில் அந்த நாட்டு அதிகாரி எச்சரித்தார். எனக்கு அதைக் கேட்கவே இனித்தது. பொய்யாகக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, என் பெயரை எங்காவது எழுதியிருந்தால் பார்க்கவே அருவருப்பாக இருந்தது எனக்கு. இன்னும் ஐந்து மாதத்தில் நாற்பது வயது முடிகிறது. அதற்கு மேல் போனால் அவர்கள் எடுக்க மாட்டார்கள். இதை விட்டால் சாகும்வரை படியில் உட்கார்ந்து டிக் அடிக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எனக்குக் கண்மண் தெரியவில்லை. அலுவலகம் என்பது ஒரு நீள அறை. ஒரு பக்கம் பழைய மோட்டார்களும் கிரீஸ் டப்பாக்களும், மறு பக்கம் ஒரு மேஜை, அதன்மேல் ஒரே ஒரு போன். பதினெட்டுப் பேரின் எச்சிலும் எண்ணெயும் பட்டு அதன் கைப்பிடி பிசுபிசுவென்று இருக்கும். மேஜையில் உட்கார்ந்திருக்கும் அக்காதான் பில் போடுவதும் போன் எடுப்பதும்.

“அக்கா, பதினேழாம் தேதி போன்ல யாராவது என்னைக் கேட்டாங்களா?”

“தினம் நாலு பேரு உன்னைக் கேக்கறாங்க. இதுல எந்த நாலுன்னு ஞாபகம் வெச்சுக்கறது?”

“நான் இல்லன்னு சொன்னீங்களா?”

“பின்ன, இருக்கான்னு சொல்லி உன் வீட்டு விலாசமும் குடுக்கட்டுமா?”

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். நன்றாக இருப்பீர்களா என்று கேட்டேன். அதற்கு முன்பு வரை அக்காவை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியவனில்லை. அவர் திருப்பிக் கத்தவில்லை. கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“பதினேழு எம் பொண்ணுக்குப் பல்லு புடுங்கின நாளு. நான் லீவு. லிஃப்டுக்கு மாத்தற கதவு ரோலர் கடைலேந்து இன்னும் வரலைன்னு காலைல பூரா இந்த நாற்காலில உக்காந்திருந்தது யாரு? போன் எடுத்தது யாரு?”

நான்தான்.

ஞாபகம் வந்தது. மெல்ல மெல்ல வரவில்லை, மொத்தமாக வந்து விழுந்தது. வாயில் பன் வைத்து மென்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக, என் முழுப் பெயரைச் சொல்லி, அவர் அங்கே பணிபுரிகிறாரா என்று கேட்டது. எந்தக் கட்டடத்துச் சனியனோ என்று நினைத்துக்கொண்டேன். ‘அப்படி யாரும் இங்க இல்லம்மா’ என்றேன். அதோடு விட்டேனா? அந்தப் பெண், எப்போதாவது வேலை செய்தாரா என்று கேட்டாள். பன்னை விழுங்கிவிட்டு, ‘ஒரு வாரம் வந்தான். சரியில்லைன்னு தொரத்திட்டோம்’ என்று சொன்னேன். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்காமல், அன்றைய சர்வீஸ் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். 

சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

“ஏங்க, உங்க பேரைச் சொல்லிக் கேட்டா உங்களுக்கு உறைக்கவே இல்லையா?”

“உறைக்கல.”

“ஒரு நிமிஷம்கூட?”

“பேரைக் கேட்டதுமே வாய் தானா சொல்லிடுதுடி. யோசிக்கவே வேண்டியதில்ல.”

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. காய்கறிக்குள் புழு இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது. அப்புறம் எழுந்து போய்க் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்தாள். இருபது நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்று போட்டிருந்தது. “நாளைக்கு மேனேஜர் கால்லயாவது விழுங்க,” என்றாள்.

காலில் விழ வேண்டிய அவசியம் வரவில்லை. மேனேஜர் தன் அறையில், லிஃப்ட் கதவைத் திறக்கிற முக்கோணச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். சாவியில் ஒட்டியதைப் பார்த்துவிட்டு நாற்காலிக்கு அடியில் துடைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

“அட, வெளிநாடா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? உனக்குக் குடுக்கற சம்பளத்துல புது ஆளுங்க ரெண்டு பேரைப் போடலாம்ப்பா. போ, போய் நல்லா இரு. அவங்க போன் பண்ணா எங்கிட்ட குடு, நான் ஜமாய்ச்சுடறேன்.”

பதினோரு வருடம் இந்த ஆளுக்கு உழைத்திருக்கிறேன். காது குடைந்த அதே கையால் என் தோளைத் தட்டினார். ‘ரொம்ப நன்றி சார்’ என்று நானும் பல்லை இளித்தேன்.

மேனேஜர் தந்த கடிதத்தோடு மறுபரிசீலனைக்கு எழுதினோம். அடுத்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள், காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் மறுபடி கூப்பிட்டு விசாரிப்போம், இம்முறையும் உறுதியாகாவிட்டால் கோப்பு மூடப்படும் என்று பதில் வந்தது. தினமும் அந்த இரண்டு மணி நேரம் போனுக்கு முன்னால் நான் உட்கார்ந்துகொள்ள மேனேஜர் அனுமதித்தார். இடையில் வருகிற மற்ற போன்களையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை மூன்று பேர், செவ்வாய் ஐந்து பேர், புதன் இரண்டு பேர். எல்லாம் மற்ற மெக்கானிக்குகளைக் கேட்டு. எல்லாருக்கும், அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். என் பெயரை யாராவது கேட்டால் மட்டும் இருக்கிறேன் என்று சொல்வதற்காக அங்கே உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களை வரிசையாக இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் அக்கா பில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நாலு நாளும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை பதினொன்று பத்துக்குப் போன் அடித்தது. ஒரு பெண் குரல். என் பெயரைச் சொல்லி, அவர் அங்கே வேலை பார்க்கிறாரா என்று கேட்டது.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். “ஆமாங்க! நான்தான் பேசறேன். பதினோரு வருஷமா இங்கதாங்க இருக்கேன்!”



“நீங்களா?” என்றது குரல். “நெஜமாவே இருக்கீங்களா? எட்டு மாசமா போன் பண்றேங்க. எப்பப் பண்ணாலும் நீங்க வேலையை விட்டுப் போயிட்டதா சொன்னாங்க.”

விசாக்காரர்கள் இல்லை. கட்டடத்துக்காரி. 

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போன மறுநாளுங்க. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னு போச்சு. உள்ள எங்கம்மா மட்டும்தான். லைட்டும் போயிடுச்சு. பெல்லை அமுக்கி அமுக்கிப் பாத்திருக்காங்க, அடிக்கல. ஒண்ணே கால் மணி நேரம் கழிச்சுத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.”

அபாய மணி. இருபத்திரண்டு கட்டத்தில் அது பதினாறாவது. அதைச் சோதிக்க ஒரு விரலும் பத்து வினாடியும் போதும்.

“லிஃப்டை அப்புறம் யாரோ வந்து சரி பண்ணிட்டாங்க. ஆனா அம்மா அதுல ஏற மாட்டேங்கறாங்க. முட்டி வலி, படியும் எறங்க முடியாது. எட்டு மாசமா வீட்டுக்குள்ளயேதான் கெடக்கறாங்க. கையெழுத்துப் போட்ட ஆளே வந்து, சரியா இருக்கும்மா, பயப்படாம ஏறுங்கன்னு நேர்ல சொல்லட்டும், ஏறறேன்னு பிடிவாதம். வேற ஒண்ணும் வேணாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போவீங்களா?”

கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. இருப்பது ஒரே லைன். இந்த நிமிஷம் அவர்கள் கூப்பிட்டால் எங்கேஜ்டு என்று வரும். இவள் நாளைக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் போலீஸ் சான்றிதழ் என்ன ஆகும்? சாயங்காலம் வருகிறேன் என்று சொல்ல எனக்கு மூன்று வினாடி ஆகியிருக்கும். சொல்லியிருக்கலாம்.

“தப்பா சொல்லிட்டேம்மா,” என்றேன். “அப்படி யாரும் இங்க இல்ல.”

“இப்பதானே நான்தான்னு சொன்னீங்க?”

“வேற யாரையோ கேக்கறீங்கன்னு நெனச்சேன்.”

அவள் உடனே வைக்கவில்லை.  “சரிங்க,” என்றாள். “அவரு எப்பவாவது அந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க. அம்மா காத்துக்கிட்டிருக்காங்க.”

போனை வைத்தேன். அக்கா பில் போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் திரும்ப அடித்தது. இந்த முறை விசாக்காரர்களேதான். நான் கைகாட்ட, மேனேஜர் ஓடி வந்து வாங்கிக்கொண்டார். சொன்னபடியே ஜமாய்த்தார். நான் சேர்ந்த தேதியைச் சொன்னார், வேலையைச் சொன்னார், தங்கமான ஆள் என்றார், இப்படி ஒருவரை அனுப்ப மனசே இல்லை என்றார். அவர்கள் வேறு ஏதோ கேட்டார்கள்.

“புகாரா? பதினோரு வருஷத்துல அவர் பேர்ல ஒரே ஒரு புகார்கூட வந்ததில்லைங்க.”

சொல்லிவிட்டு, போனின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “என்னப்பா, வந்திருக்கா?”

அக்கா தலை நிமிரவில்லை.

“இல்ல சார்,” என்றேன்.