பூஜ்யத்துக்குக் கீழே

வாயு போகவே கூடாத நேரத்தில் அந்தச் சின்னப் பெட்டி இரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. உலை ஓய்வில் இருக்கிறது. ஹைட்ரஜன் வேண்டாம் என்று பெட்டிக்குக் கட்டளையும் கொடுத்தாகிவிட்டது. குழாயில் போகும் வாயுவை அளந்து, அடக்கி, கேட்ட அளவுக்கு மட்டும் விடவேண்டிய ஃப்ளோ கன்ட்ரோலர்தான் அந்தப் பெட்டி. அதுவோ, இரண்டுதான் என்று ஒற்றைக் காலில் நின்றது.

"ஜீரோ பட்டனை அழுத்திட்டுக் கிளம்பு" என்றார் அத்தான். அக்காவின் கணவர், ஆலையின் உற்பத்தி மேலாளரும் அவரேதான். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மறந்துவிடப் போகிறாளே என்று சாப்பாட்டு மேசையில் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

அங்கே அதுதான் வழக்கம். எண் கொஞ்சம் தள்ளி நின்றால் பட்டனை அழுத்துவார்கள், பூஜ்யம் வரும், டீ குடிக்கப் போவார்கள். மீட்டர் பொய் சொல்கிறதா, நிஜமாகவே வாயு கசிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வேலை நிற்கும்.

அவளுக்கு உலைக் கதவு திறக்கும் தொழிலாளி அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது. போன வாரம் அவர் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு தீ வந்து இரண்டு புருவத்தையும் கொண்டுபோய்விட்டது. மறுநாள் ஆளாளுக்கு மைப் பென்சில் கொண்டுவந்து நீட்டினார்கள். அவரும் சிரித்தார். அவளும்தான் சிரித்தாள். உலைக்குள் ஹைட்ரஜன் கசிந்திருந்தால்தான் அப்படித் தீ வரும் என்று இப்போதுதான் உறைத்தது.

"அழுத்த மாட்டேன் அத்தான். முதல்ல கை வால்வ மூடிப் பாக்கணும்."

"சாயங்காலம் உலையில லோடு ஏத்தணும். எனக்கே பாடம் நடத்தறியா?"

அவள் மூடினாள். வாயு வரும் வழி அடைபட்டதும் எண் இறங்கியது. ஒன்று. பூஜ்யம். அதோடு நிற்கும் என்று பார்த்தால், நிற்காமல் கீழே இறங்கி மைனஸ் நாலில் போய் உட்கார்ந்தது.

தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டே பூஜ்யமாக்கினால், விரலை எடுத்ததும் எண் பூஜ்யத்துக்குக் கீழேதான் போகும். யாரோ வாயு கசியும்போதே பட்டனை அழுத்தி, நாலை இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள். இன்று கசிவது இரண்டல்ல, ஆறு.

"போன வாரம் இத அழுத்தினது யாரு?"

அத்தானுக்குக் காது சிவந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு ஓட்டிடலாம். மாசக் கடைசியில இதோட வால்வ மாத்திக்கலாம். உங்க அக்கா முகத்துக்காகவாவது..."

"அக்காவ எதுக்கு இழுக்கறீங்க? அந்த அண்ணன் நிக்கிற எடத்துல நீங்க போய்க் கதவத் திறங்க. அப்ப அழுத்தறேன்."

"நாளைக்கு எப்படி கேட்டுக்குள்ள வர்றேன்னு பாக்கறேன்" என்று போனைக் காதில் வைத்தபடி வெளியேறினார்.

பார்க்கட்டும். நைட்ரஜனை விட்டுக் குழாயைச் சுத்தமாகக் கழுவினாள். உள்ளே ஹைட்ரஜன் இல்லை என்று உறுதியானதும் இரண்டு ஸ்பானரால் கன்ட்ரோலரைக் கழற்றி எடுத்தாள். குழாயின் இரண்டு வாய்க்கும் மூடி போட்டு இறுக்கினாள். இனி அத்தான் என்ன, அத்தானுக்கே அத்தான் வந்தாலும் இன்று உலை ஓடாது.

புருவமில்லாத முகம் எட்டிப் பார்த்தது. "என்னம்மா, லோடு இல்லியா?"

"இல்லண்ணே. நீங்க போய் டீ குடிங்க."

உலைக் கதவுக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கன்ட்ரோலரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அக்காதான். கொஞ்ச நேரம் அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை.